செவியும் சுவையும்

உணவின் சுவையை அறிவது நா. இது யாவரும் அறிந்த செய்தி. ஆயினும் நம் வில்லியனூர், பாகூர் வட்டார அடுக்களைகளில் நா தன் வேலையைத் தொடங்குமுன்பே செவி தொடங்கிவிடுகிறது. கடுகு வெடித்து அடங்கும் ஓசை கேட்டே வெங்காயம் இடுவர். காய்ந்த எண்ணெயில் இட்ட வடை முதலில் பேரிரைச்சல் எழுப்பும். மாவிலுள்ள நீர் ஆவியாகி வெளியேறுவதால் எழுவதே அவ்விரைச்சல். நீர் குறையக் குறைய அதுவும் தணியும். ‘சத்தம் அடங்கிடுச்சு, எடும்மா’ என்று கூடத்தில் இருந்தபடியே மருமகளுக்குப் பக்குவம் சொல்லும் மாமியார் இன்றும் உளர். சுடுமண் கைவினைக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஊர் வில்லியனூர். மண்சட்டி வாங்குவோர் அதனை விரலால் தட்டிப் பார்ப்பர். கணீரென்றால் நன்று, ஓசை மழுங்கினால் எங்கோ விரிசல் உண்டு.

சமைப்போர்க்குச் செவி பயன்படுவது இவற்றால் விளங்கும். உண்போர்க்குச் சுவையையே ஒலி மாற்றுமா என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகும் பொருள்.

2004ஆம் ஆண்டில் ஸாம்பினி, ஸ்பென்ஸ் என்னும் உளவியலார் இருவர் ஆக்ஸ்போர்டில் நடத்திய ஆய்வொன்று வெளிவந்தது. உருளைக்கிழங்கு வறுவலைக் கடிப்போர்க்கு அவர்தம் கடியோசையையே ஹெட்ஃபோன் வழியாகக் கேட்பித்தனர். ஓசையை, குறிப்பாக அதன் கீச்சொலிப் பகுதியை, மிகுத்தபோது வறுவல் மொறுமொறுப்பாகவும் புதியதாகவும் தோன்றிற்று. குறைத்தபோது நமுத்ததாகத் தோன்றிற்று. வறுவலில் வேறுபாடு எதுவும் இல்லை. மாறியது ஓசை மட்டுமே. முதலில் சிரிக்கவும் பின்னர்ச் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகட்கு வழங்கப்பெறும் இக் நோபல் பரிசு 2008இல் இதற்குக் கிடைத்தது.

தமிழ் பயில்வோர்க்கு இச்செய்தி பெரிதும் வியப்பளிக்காது. ‘மொறுமொறு’ என்னும் சொல் நாவுக்கு உரியதா, செவிக்கு உரியதா? ஓசையைக் கொண்டே உணவின் பதத்திற்குப் பெயரிட்டிருக்கிறோம். ‘கறுக்முறுக்’ என்பதும் அத்தகையதே. வெண்டைக்காயின் ‘கொழகொழ’, ‘வழவழ’ என்பன தொடுவுணர்வைச் சார்ந்தன. உப்பில்லாக் குழம்பு ‘சப்பென்று’ இருக்கிறது. பச்சைமிளகாய் ‘சுள்ளென்று’ உறைக்கிறது. உப்பின்மைக்கும் காரத்துக்கும் ஓசை ஏது? இருந்தும் ஒலிக்குறிப்புப் போன்ற சொல்லாலன்றி அவ்வுணர்வை நம்மவர் சொல்லுவதில்லை. இரட்டைக்கிளவி பிரிந்து நின்று பொருள் தாராது எனக் கிளவியாக்கத்தில் தொல்காப்பியர் வகுத்ததை வகுப்பில் ஒப்பிக்கும் மாணவர், அதனை அடுக்களையில் கேட்டதுண்டா என எண்ணிப் பார்க்கலாம்.

இனி இசைக்கு வருவோம். 2012இல் வெளிவந்த மற்றோர் ஆய்வில் ஸ்பென்ஸ் குழுவினர் ஒரே வகைத் தித்திப்பு மிட்டாயை இருவேறு ஒலிப்பின்னணியில் உண்ணக் கொடுத்தனர். உயர்ந்த சுருதியில் இனிப்பு மிகுந்ததாகவும், தாழ்ந்த சுருதியில் கசப்பு மிகுந்ததாகவும் உண்டோர் மதிப்பிட்டனர். வேறுபாடு சிறிதே, வேம்பை வெல்லமாக்கும் பண் எதுவும் இல்லை.

இரைச்சலின் செய்தி இதனினும் நம்மைச் சாரும். கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யான், டாண்டோ ஆகியோர் 2015இல் வெளியிட்ட ஆய்வில், விமானத்தினுள் எழுவது போன்ற சுமார் 85 டெசிபல் இரைச்சலில் இனிப்புணர்வு மங்கியது. தக்காளி போன்றவற்றிலுள்ள உமாமி என்னும் சுவை மிகுந்து தோன்றியது. நம் மணவீட்டுப் பந்திகளில் ஒலிபெருக்கி அலறுகையில் அருகிருப்பவர் கேட்பதே நம் செவிக்கு எட்டுவதில்லை. பாயசத்தில் சர்க்கரை குறைவு என்னும் பழி அங்கே சமையற்காரர் தலையில் விழுகிறது. அப்பழியில் ஒலிபெருக்கிக்கும் பங்கு உண்டோ என நாம் ஐயுறுகிறோம். பந்தி முடியும்வரையேனும் அதனை நிறுத்தி வைக்கப் பெரியோர் கூறினால் மணவீட்டார் கேட்பர்.

ஒலியே உணவுக்கு வாயிலாவதும் உண்டு. நோன்பு திறக்கும் மாலையில் கஞ்சி கோப்பையில் ஆறிக்கொண்டிருக்கும், கைகள் காத்திருக்கும். பாங்கொலி எழுந்தவுடன் பருகும் முதல் மிடற்றின் சுவை, அதே கஞ்சிக்குப் பிறிதொரு வேளையில் வாராது. பசியே இதற்கு முதற்காரணம் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் ஆண்டுதோறும் பழகிய செவி அதில் ஒன்றும் செய்யவில்லை எனக் கூற நமக்குத் துணிவில்லை.

மாணவர்க்கு ஓர் எச்சரிக்கை கூறவேண்டும். ‘கேள்வி’ அதிகாரத்தின் இறுதிக் குறளில் செவியின் சுவையை வள்ளுவர் பேசுகிறார். அதைக் காட்டி இவ்வாய்வுகளை அவர் முன்னரே சொல்லிவிட்டார் என மேடையில் முழங்குதல் தகாது. சொற்சுவை, பொருட்சுவை என்றே பரிமேலழகர் உரை கொள்கிறார். வறுவலின் ஓசையை அன்று. நாவின் முற்பகுதியிலிருந்து சுவையை ஏந்திச் செல்லும் நரம்பு நடுச்செவியில் செவிப்பறையை ஒட்டியே செல்கிறது என்பதும் உண்மை. ஆயினும் அது ஒலியைச் சுமப்பதன்று. அண்மையைக் காரணமாகக் கொள்ளுதல் பிழை.

செய்யத்தக்க பணி வேறு உண்டு. ‘முன்போல முறுக்கு இல்லை’ என்று குறைகூறும் முதியவரைப் பார்த்து, பல் போயிற்று என்று வீட்டார் நகைப்பர். அவர்க்குச் செவியும் மங்கியிருந்தால், 2004ஆம் ஆண்டு ஆய்வை நினைவிற் கொண்டு, அவர் குறையைச் சற்று மதித்துக் கேட்கலாம். வில்லியனூர், பாகூர் ஊர்களிலிருந்து வரும் நம் துறை மாணவர், சமையலோசைக்கு அம்முதியோர் வழங்கும் சொற்களை ஊர்ப்பெயருடன் ஏட்டில் குறித்து வருவாராயின், வரும் ஆண்டிலேயே அவற்றைத் தொகுக்கத் தொடங்கலாம்.