கோபுரம் தெரியாத ஊரில் ஓர் இரவு

உத்தியோக நிமித்தமாகச் சில வருஷங்கள் கல்கத்தாவில் வசித்தவன் என்ற ஒரே காரணத்தினால், அந்த ஊருக்குக் குடும்பத்தோடு காரில் புறப்படுகிற பந்துமித்திரர்கள் என்னிடம் வந்து அபிப்பிராயம் கேட்பது வழக்கமாகிவிட்டது. கேட்கிறார்கள் என்பதுகூட முழு உண்மையன்று. தாங்கள் முன்பே முடிவு செய்துகொண்டு வந்த சங்கதிகளுக்கு என்னிடம் ஓர் ஆமோதிப்பை எதிர்பார்க்கிறார்கள். சென்ற மார்கழியில், வயதான தாயார், மனைவி, இரண்டு குழந்தைகள் சகிதமாகக் காளிகாட் யாத்திரைக்கு ஆயத்தமான நண்பர் ஒருவர், வழியில் எங்கே இரவு தங்குவது, ஊரில் எங்கே அறை எடுப்பது என்பவை பற்றித் தாம் கொண்டிருந்த நம்பிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தபோது, அவை அவருக்கு மட்டும் உரியவை அல்ல, இங்கிருந்து வடக்கே புறப்படுகிற ஏறக்குறைய எல்லாருக்கும் பொதுவானவை என்று எனக்குத் தோன்றியது.

முதல் நம்பிக்கை இது: "சாலை இப்போது அருமையாக இருக்கிறது, நடுவில் ஒரே ஓர் இரவு விசாகப்பட்டினத்தில் தங்கினால் போதும், மிச்சத்தை இராத்திரியில் ஓட்டிவிடலாம், இராத்திரியில் நெரிசல் கிடையாது." சாலை நன்றாக இருக்கிறது என்பதில் தர்க்கமில்லை. தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் சென்னை–கல்கத்தா என்ற பகுதிக்குக் கணக்கிட்ட நீளம் 1,684 கிலோமீட்டர். பழையபடி 5 என்று எண்ணிட்டிருந்த நெடுஞ்சாலையின் பெரும்பகுதி இப்போது 16 என்ற எண்ணோடு விஜயவாடா, விசாகப்பட்டினம், புவனேசுவரம், பாலசோர் ஆகிய ஊர்களைத் தொட்டுக்கொண்டு வங்காளத்தில் நுழைகிறது. ஆயினும் சாலை நன்றாக இருப்பதும், அதில் ஓட்டுகிற மனிதனுக்குத் தூக்கம் வராமல் இருப்பதும் ஒன்றல்ல. பின்னிரவு இரண்டு மணி முதல் ஐந்து மணி வரையிலும், மதிய உணவு உண்டபின் இரண்டு மணி சுமாருக்கும் உடம்பு தானாகவே சோர்வது எல்லா மனிதருக்கும் இயல்பு. காப்பி அந்தச் சோர்வைச் சிறிது தள்ளிப்போடுமேயன்றி ஒழிக்காது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022 ஆம் ஆண்டில் நம் தேசத்துச் சாலைகளில் மாண்டவர் 1,68,491 பேர். நாளின் எட்டுப் பொழுதுகளுள் விபத்துகள் மிகுதியாக நேர்ந்தது மாலை ஆறு முதல் ஒன்பது வரையுள்ள பொழுதில். அதாவது, 'இன்னும் கொஞ்ச தூரம் போய்த் தங்கலாம்' என்று நாம் சொல்லிக்கொண்டே போகிற அதே வேளையில்.

ஆகவே விஜயவாடாவில் ஒன்று, விசாகப்பட்டினத்தில் ஒன்று, புவனேசுவரத்தில் ஒன்று என்று மூன்று இரவுகளாவது வேண்டும் என்றேன். சென்னையிலிருந்து விஜயவாடா சுமார் 450 கிலோமீட்டர், அங்கிருந்து விசாகப்பட்டினம் 350, அடுத்த இரண்டு பகுதிகளும் ஒவ்வொன்றும் 440. நண்பர் முகம் சுளித்தார். விடுமுறையில் பாதி சாலையிலேயே போய்விடும் என்பது அவர் கட்சி. தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேச்சுர யாத்திரை வழியில் சத்திரங்கள் கட்டியபோது, ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம் போன்றவற்றை எந்த இடத்தில் அமைத்தார்கள் என்பதை நினைவூட்டினேன். யாத்திரிகன் எங்கே போக விரும்புகிறான் என்பதைவிட, பொழுது சாயும்போது அவன் கால் எங்கே ஓயும் என்பதைக் கணக்கிட்டுக் கட்டியவை அவை. காருக்குக் கால் ஓயாது. பின் ஆசனத்தில் உட்கார்ந்திருக்கிற அறுபத்தெட்டு வயதுத் தாயாருக்கு ஓயும்.

இந்த இடத்தில்தான், எல்லா நம்பிக்கைகளிலும் மிகவும் நுட்பமானதும், யாரும் அதை ஒரு நம்பிக்கை என்றே உணராததுமான ஒன்று வெளிப்பட்டது. "கடைசி நாள் புவனேசுவரத்திலிருந்து எட்டு மணிக்குப் புறப்பட்டாலும் ஆறு மணிக்குள், இருட்டுவதற்கு முன், காளிகாட் சேர்ந்துவிடலாம்" என்றார். தேசம் முழுவதற்கும் கடிகாரம் ஒன்றாக இருப்பதனால் சூரியனும் ஒன்றாகவே அஸ்தமிக்கிறான் என்ற பிரமை நம்மிடையே வெகு ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கல்கத்தா சென்னைக்குக் கிழக்கே எட்டுப் பாகை தீர்க்கரேகையில் இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிஷம் வீதம் அரைமணிக்கு மேல் அங்கே பொழுது முந்துகிறது. அதோடு வடக்கே தள்ளியிருப்பதால் குளிர்காலத்தில் பகலும் குறுகிவிடுகிறது. இவ்விரண்டும் சேர்ந்து, டிசம்பரில் சென்னையில் ஐந்தேமுக்கால் சுமாருக்கு மறைகிற சூரியன் அங்கே ஐந்து மணிக்கு முன்பே மறைந்துவிடுகிறான். ஆறு மணிக்கு நல்ல இருட்டு. கோனா விரைவுச் சாலையில் லாரிகளுக்கிடையே ஊர்ந்து, 1992 இல் திறந்த வித்தியாசாகர் பாலத்தின்மேல் ஏறி, அறிமுகமில்லாத ஊரின் மாலை நெரிசலில், ஒருவழிப் பாதைகளைத் தேடிக்கொண்டு இறங்குகிற வேளை அது. நான் அவருக்குச் சொன்ன முக்கியமான யோசனை இது ஒன்றுதான்: கடைசி இராத்தங்கலைப் பாலசோரில் வைத்துக்கொள்ளுங்கள், அங்கிருந்து கல்கத்தா ஏறத்தாழ 240 கிலோமீட்டர், தை, மார்கழிகளில் வங்காளத்து வயல்களின்மேல் விடியற்காலையில் மூடுபனி படர்ந்திருக்குமாதலால் ஏழு மணிக்கு முன் புறப்பட வேண்டாம், உச்சிப்பொழுதுக்கு ஊர் சேர்ந்துவிடுவீர்கள். வேனிலில் போகிறவர்களுக்கோ கணக்கு தலைகீழ். மே மாதக் கடைசியில் அங்கே ஐந்து மணிக்கு முன்பே உதயமாகிவிடும். கிழக்கு ஜன்னல் அறையில் படுத்த குழந்தைகள் யாரையும் தூங்கவிடமாட்டார்கள்.

வழியில் இருக்கிற ஓர் ஊரின் பெயரைப் பற்றியும் எச்சரிக்க வேண்டியிருந்தது. ரூபநாராயண் நதிக்கரையில், கல்கத்தாவுக்குச் சுமார் எழுபது கிலோமீட்டர் முன்பாக, கோலாகாட் என்ற ஊர் இருக்கிறது; அனல் மின்நிலையமும் நெடுஞ்சாலைத் தாபாக்களும் உள்ள இடம். தொலைபேசியில் அவசரமாகச் சொன்னால் காளிகாட்டும் கோலாகாட்டும் ஒன்றுபோலவே காதில் விழும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம், கோயிலுக்கு அடுத்த தெரு என்று எண்ணி முன்பணம் செலுத்திவிட்டு, மின்நிலையத்தின் புகைபோக்கிகளைக் கண்டு திகைத்து நின்றது. தவறு யாருடையது என்று இன்றுவரை அந்த வீட்டில் வழக்கு நடக்கிறது.

"கோயிலுக்குப் பக்கத்தில் அறை எடுத்தால் மற்றதெல்லாம் தானாக நடந்துவிடும்" என்பது அடுத்த நம்பிக்கை. மதுரையிலும் ஸ்ரீரங்கத்திலும் பழகிய மனம் அப்படித்தான் எண்ணும். அங்கே கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தால் வழி தவறாது. காளிகாட்டில் கோபுரமே கிடையாது. பரீஷாவைச் சேர்ந்த சாவர்ண ராய் சௌதுரி குடும்பத்தாரின் ஆதரவில் 1809 இல் கட்டிமுடித்த இப்போதைய ஆலயம், வங்காளத்துக் குடிசையின் வளைந்த கூரையைச் செங்கல்லில் வடித்ததுபோன்ற அமைப்புடையது. பக்கத்துத் தெருவிலிருந்து பார்த்தால்கூட மாடிவீடுகளுக்கிடையே மறைந்துபோகும். சதி தேவியின் வலக்கால் விரல்கள் விழுந்த பீடம் என்று பாரதம் முழுவதும் கொண்டாடுகிற ஸ்தலம் அத்தனை அடக்கமாக, பூக்கடைக்கும் பேடாக் கடைக்கும் நடுவே நிற்கிறது. அந்தச் சந்துகளில் குடும்பக் கார் நுழையலாம், திரும்ப முடியாது. 'வண்டி நிறுத்த இடம் உண்டு' என்று அறைக்காரர் சொன்னால், அது தம்முடைய கட்டடத்துக்குள்ளா, அல்லது பொதுத் தெருவிலா என்று வெளிப்படையாகக் கேட்டுவிடுவது உத்தமம்.

'கங்கையை நோக்கிய அறை' என்ற விளம்பரத்தில் மயங்குகிறவர்களும் உண்டு. காளிகாட் இருப்பது ஹூக்ளியின் கரையில் அன்று, ஆதிகங்கையின் கரையில். கங்கை முற்காலத்தில் ஓடிய பாதை என்று அதற்குப் பெருமை உண்டு என்றாலும், தூர்ந்துபோன அந்தக் கால்வாயை 1770களில் மேஜர் வில்லியம் டாலி என்ற ஆங்கிலேயர் வெட்டிச் செம்மைப்படுத்தினார். 'டாலியின் நாலா' என்ற பெயர் அதிலிருந்து வந்தது. இன்று அது குறுகிய, கறுத்த, வேலியேற்றத்தில் மட்டும் நீர் ததும்புகிற ஓடை. ஸ்நானத்தைப் பற்றிப் பேச வேண்டாம். ஜன்னலைத் திறப்பதைப் பற்றியே யோசிக்க வேண்டும். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. கைப்பேசியில் 'கோயிலிலிருந்து அரை கிலோமீட்டர்' என்று காட்டுவது பறவை பறக்கிற தூரமாக இருக்கக்கூடும். அறை ஓடைக்கு அக்கரையில் சேத்லாவில் இருக்க, பாலத்தைச் சுற்றிக்கொண்டு தாயார் நடக்க வேண்டியிருக்கும்.

அப்படியானால் எங்கே தங்குவது? ஹௌரா பக்கத்திலேயே, கார் நிறுத்த வசதியுள்ள ஓர் இடத்தில் தங்கிவிடுங்கள் என்றேன். நண்பர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். நான் அங்கே வசித்த காலத்தில் நானே இதைச் சொல்லியிருக்க மாட்டேன். 2024 மார்ச்சுக்குப் பிறகுதான் இது புத்தியுள்ள யோசனையாயிற்று. ஹௌரா மைதானத்திலிருந்து எஸ்பிளனேடு வரை, ஹூக்ளி நதிக்கு அடியிலே துளைத்த சுரங்கத்தின் வழியே மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. நதிக்கடியில் உள்ள பகுதி 520 மீட்டர். ரயில் அதை முக்கால் நிமிஷத்தில் கடந்துவிடுகிறது. எஸ்பிளனேடில் மாறி, தெற்கே செல்லும் பழைய பாதையில் ஏறினால் ஆறாவது நிலையம் காளிகாட். 1984 இல் இந்தியாவின் முதல் மெட்ரோவாகத் தொடங்கி, 1986 இல் காளிகாட்டைத் தாண்டி டாலிகஞ்சு வரை நீண்ட அதே பாதைதான். இப்போது அதன் வடகோடி தட்சிணேசுவரம். ஆகவே இரண்டு காளி ஸ்தலங்களையும் ஒரே தண்டவாளம் இணைக்கிறது. காளிகாட் நிலையத்திலிருந்து ஆலயம் பத்துப் பன்னிரண்டு நிமிஷ நடை.

"புண்ணிய ஸ்தலம் என்றால் சத்திரம் இல்லாமலா போகும்?" என்றார், அறை வாடகைகளைப் பார்த்துவிட்டு. காசியில் நகரத்தார் 1863 இல் நிறுவிய சத்திரம் இன்றளவும் நம்மவர்க்கு நிழல் தருகிறது. அந்தப் பழக்கம் காளிகாட்டிலும் அதையே எதிர்பார்க்கிறது. காளிகாட்டிலும் ஆலயத்தை ஒட்டியே யாத்திரிகர்களுக்கான விடுதி ஒன்று இருந்தது. ஆனால் 1952 இல் மாநகராட்சி அந்தக் கட்டடத்தை அன்னை தெரசாவுக்கு அளித்தது. தெருவோரத்தில் கேட்பாரற்று உயிர்விடும் ஏழைகளைக் கொண்டுவந்து, கழுவித் துடைத்து, இறுதிவரை பேணுகிற நிர்மல் ஹிருதய் இல்லம் அங்கேதான் தோன்றியது. அம்மனைத் தரிசிக்க வந்தவர்கள் ஓர் இரவு தலைசாய்த்த கூடங்களில், இனி எழுந்து போகமாட்டாதவர்கள் படுத்திருக்கிறார்கள். தொடக்கத்தில் ஆட்சேபங்கள் எழுந்தன; பிறகு அடங்கின. சத்திரத்தைத் தேடிக்கொண்டு அந்த வாசலில் போய் நின்று, உள்ளே எட்டிப் பார்த்த தமிழ் யாத்திரிகர் ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றார்.

சொற்களைப் பற்றிய சில பிழைகளும் உண்டு. நம்மூரில் ஓட்டல் என்றால் சாப்பாட்டுக்கடை என்பது போலவே அங்கேயும் 'பைஸ் ஹோட்டல்' என்பது சோறும் மீன்குழம்பும் கிடைக்கிற இடம். மூட்டை முடிச்சுகளோடு போய் அறை கேட்டால் இலை போடுவார்கள். 'நிராமிஷ்' என்று கேட்டால் சைவ உணவுதான் வரும், ஐயமில்லை. ஆனால் வங்காளிகளின் வழக்கில் அந்தச் சொல்லுக்கு வெங்காயம் பூண்டு சேராதது என்ற சாயலும் உண்டாகையால், அம்மனுக்குப் பலியிட்ட ஆட்டின் இறைச்சியை வெங்காயம் பூண்டின்றிச் சமைத்து 'நிராமிஷ் மாங்ஷோ' என்றே அழைக்கிறார்கள். வடமொழி அறிந்த நம் பெரியவர்கள் கேட்டால் மூர்ச்சை போட்டுவிடுவார்கள். காளியின் ஊரில் சைவர் பட்டினி கிடக்க நேரும் என்ற பயமோ முற்றிலும் ஆதாரமற்றது. நிலையத்திலிருந்து ராஷ்பிகாரி அவென்யூ வழியே கிழக்கே நடந்தால் லேக் மார்க்கெட்; தலைமுறை தலைமுறையாகத் தமிழர் குடியிருந்த வட்டாரம். முருங்கைக்காயும் வாழையிலையும் மல்லிகைச் சரமும் அங்கே நடைபாதையிலேயே விற்கும்; கோமள விலாஸ் முதலிய தென்னிந்திய உணவுச்சாலைகளில் இட்லியும் வடிகட்டிய காப்பியும் கிடைக்கும்.

பணவிஷயம் இரண்டே வார்த்தைகளில். ஆயிரம் ரூபாய்க்குட்பட்ட அறைக்கு வரியில்லை என்ற நினைப்பு பழையது; அந்த விலக்கு 2022 ஜூலை 18 அன்றே போயிற்று. 2025 செப்டம்பர் 22 முதல், நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் 18. 'ஒரு நாள் வாடகை' என்பது இருபத்துநான்கு மணி நேரம் என்பதும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. பெரும்பாலான விடுதிகளில் நாள் என்பது நண்பகல் முதல் நண்பகல் வரை. இரவெல்லாம் ஓட்டி விடியற்காலை ஐந்து மணிக்குப் போய்க் கதவைத் தட்டுகிறவர், ஏழு மணி நேரத் தூக்கத்துக்கு இன்னொரு நாள் வாடகை கொடுக்க நேரிடும். சிங்கப்பூரிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்த உறவினர் கூட இருந்தால், அயல்நாட்டவர் தங்குவதை 24 மணி நேரத்துக்குள் அரசாங்கத்துக்கு அறிவிக்க வேண்டிய கடமை விடுதிக்கு உண்டு. எல்லாச் சிறிய விடுதிகளும் அதற்கு முன்வருவதில்லை. முன்னதாகவே கேட்டுக்கொள்ள வேண்டும்.

"பொங்கல் விடுமுறையில் அங்கே கூட்டமிராது, அவர்களுக்குப் பொங்கல் இல்லையே" என்று கடைசியாக ஒன்று சொன்னார். பொங்கல் இல்லை; மகர சங்கராந்தி உண்டு. அன்றுதான் கங்காசாகரத்தில் ஸ்நானம். பல லட்சம் யாத்திரிகர்களும் சாதுக்களும் கல்கத்தா வழியாகவே போய் வருகிறார்கள், அவர்களுள் பலர் காளிகாட்டையும் தரிசிக்காமல் திரும்புவதில்லை. செவ்வாய், சனிக்கிழமைகளிலும், சித்திரை மாதப் பிறப்பையொட்டி வருகிற வங்காளப் புத்தாண்டிலும் வரிசை தெருக்கோடி வரை நீளும்.

நண்பர் பொங்கலைக் கைவிட்டு, மார்கழியின் ஒரு புதன்கிழமையைக் கடைசி நாளாகக் குறித்துக்கொண்டார். பாலசோரில் ஏழரைக்குப் புறப்பட்டுப் பன்னிரண்டரைக்கு ஹௌராவில் சாவி வாங்கினார்களாம். பிற்பகலில் சில மணி நேரம் ஆலய நடை சாத்தியிருக்குமாகையால் தாயார் நிம்மதியாகத் தூங்கினார். ஐந்து மணிக்கு, வெளியே விளக்கேற்றிய பின், நதிக்கடியில் ரயில் ஏறினார்கள். தரிசனத்தைப் பற்றி அவர் கடிதத்தில் இரண்டு வரி; லேக் மார்க்கெட்டில் தாயார் பேரம் பேசி வாங்கிய வெற்றிலைக்கவுளியைப் பற்றி ஒரு பக்கம்.