தூக்கி எறிந்தால் எங்கே போகும்?

ஞாயிற்றுக்கிழமை இரவு. தோ பாயோவில் உள்ள ஓர் அடுக்குமாடி வீட்டில் அனைவரும் ஒன்றாக அமர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உயர்நிலை மூன்றில் படிக்கும் மகளின் கைத்தொலைபேசி அன்று மூன்றாவது முறையாக அணைந்துபோனது. காலையில் முழுமையாக மின்னேற்றினாலும் மதிய உணவு நேரம்வரைகூட அது தாக்குப்பிடிப்பதில்லை. வாங்கி மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

"மின்கலத்தை மாற்றவே நிறையக் கேட்பார்கள். அந்தப் பணத்தோடு இன்னும் கொஞ்சம் போட்டால் புதியதே வாங்கிவிடலாம்," என்றார் அம்மா.

"அப்படியென்றால் பழையதை என்ன செய்வது?" என்று தாத்தா கேட்டார்.

"மறுபயனீட்டுத் தொட்டியில் போட்டுவிட்டால் போதும், தாத்தா. மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்," என்றாள் மகள்.

தாத்தாவுக்கு மனம் ஒப்பவில்லை. "எங்கள் காலத்தில் வானொலிப் பெட்டி கெட்டுப்போனால் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவோம். கிழிந்த குடையைத் தைத்துப் பிடிப்போம். சாப்பாடு வாங்கப் போனால் கையில் அடுக்குப் பாத்திரம் இருக்கும். 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?" என்றார்.

பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் அண்ணன் சிரித்தான். "நம் வீட்டில் ஒரு தொலைபேசியைக் காப்பாற்றினால் உலகம் மாறிவிடுமா, தாத்தா? தயாரிக்கிற நிறுவனங்களும் சட்டம் போடுகிற அரசாங்கங்களும்தான் இதைச் சரிசெய்யவேண்டும்."

ஒரே மேசையில் நான்கு கருத்துகள். இவை இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் உரியவை அல்ல. பேருந்திலும் உணவங்காடி நிலையத்திலும் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையிலும் நாள்தோறும் கேட்கும் பேச்சுதான். கேட்கும்போது ஒவ்வொன்றும் சரியாகவே தோன்றுகிறது. அவற்றில் எவ்வளவு உண்மை இருக்கிறது?

"தொட்டியில் போட்டால் போதும்"

மகளின் கருத்திலிருந்து தொடங்குவோம். சிங்கப்பூரில் வீட்டுக் குப்பை கண்ணிலிருந்து விரைவாக மறைந்துவிடுகிறது. குழாயில் போட்ட பை கீழே விழும் ஓசையோடு நம் வேலை முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். ஆனால், குப்பையின் பயணம் அங்கேதான் தொடங்குகிறது.

எரியக்கூடிய குப்பை, எரிப்பு ஆலைகளுக்குச் செல்கிறது. அங்கு எரிக்கப்படும்போது அதன் பருமன் ஏறத்தாழ 90 விழுக்காடு குறைகிறது. அந்த வெப்பத்திலிருந்து மின்சாரமும் கிடைக்கிறது. எஞ்சும் சாம்பலும் எரிக்க முடியாத கழிவுகளும் துவாஸிலிருந்து மிதவைப் படகுகளில் புலாவ் செமாக்காவ் நிரப்பிடத்திற்குக் கொண்டுசெல்லப்படுகின்றன. சிங்கப்பூரின் முக்கியத் தீவுக்குத் தெற்கே சுமார் 8 கிலோமீட்டர் தொலைவில் அது உள்ளது. இரு சிறு தீவுகளுக்கு இடைப்பட்ட கடற்பகுதியை 7 கிலோமீட்டர் நீளமுள்ள கற்கரையால் வளைத்து அதனை உருவாக்கினார்கள். லோரோங் ஹாலுஸில் இருந்த குப்பைக்கிடங்கு மூடப்பட்டதைத் தொடர்ந்து, 1999ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் செமாக்காவ் செயல்படத் தொடங்கியது.

அங்குச் செல்பவர்கள் துர்நாற்றத்தை எதிர்பார்ப்பார்கள். ஆனால், அவர்கள் காண்பது சதுப்புநில மரங்களையும் பறவைகளையும் தெளிந்த கடல் நீரையும்தான். கற்கரை கட்டியபோது பாதிக்கப்பட்ட மரங்களுக்கு ஈடாகப் புதிய சதுப்புநிலக் கன்றுகள் நடப்பட்டன. சாம்பலிலிருந்து நச்சுநீர் கடலில் கசிந்தால் அந்த மரங்கள் வாடத் தொடங்கும். அதனால் அவை காவலாளிகளைப் போலவும் பயன்படுகின்றன. இது நல்ல திட்டமிடலுக்குச் சான்று. ஆயினும், ஒன்றை மறுக்க இயலாது. சிங்கப்பூரில் இருக்கும் ஒரே நிரப்பிடம் அதுதான். இப்போதைய வேகத்தில் குப்பை சேர்ந்தால் 2035ஆம் ஆண்டுவாக்கில் அது நிரம்பிவிடும் என்று கணிக்கப்பட்டுள்ளது. இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிப்பவர்கள் வேலைக்குச் சென்று, சொந்த வீடு தேடும் காலம் அது.

மறுபயனீடு இந்தச் சுமையைக் குறைக்கும் என்பது உண்மைதான். தொலைபேசியில் தங்கம், வெள்ளி, செம்பு போன்ற உலோகங்கள் உள்ளன. முறையாகப் பிரித்தால் அவற்றை மீட்கலாம். ஆனால், பொருள் சரியான தொட்டிக்குப் போகவேண்டும். உலகில் 2022ஆம் ஆண்டில் 62 மில்லியன் டன் மின்னியல் கழிவு உருவானது. முறையாகச் சேகரித்து மறுபயனீடு செய்யப்பட்டதாகப் பதிவானது அதில் 22.3 விழுக்காடு மட்டுமே. மேலும், தாளும் போத்தலும் போடும் நீல நிறத் தொட்டியில் மின்கலம் உள்ள பொருளைப் போடக்கூடாது. நசுங்கிய மின்கலம் தீப்பற்றக்கூடும். மின்னியல் கழிவுகளுக்கென்று தனித் தொட்டிகள் உள்ளன. "தொட்டியில் போட்டால் போதும்" என்ற கருத்து எந்தத் தொட்டி என்பதை மறந்துவிடுகிறது.

"புதியது வாங்குவதே ஆதாயம்"

அம்மா போட்ட கணக்கில் தவறில்லை. தொழிற்சாலையில் ஒரே மாதிரிப் பொருள்கள் இலட்சக்கணக்கில் வேகமாக உருவாகின்றன. பழுது பார்ப்பவரோ ஒவ்வொரு பொருளையும் தனியாகத் திறந்து, குறையைக் கண்டறிந்து, சரிசெய்யவேண்டும். சிங்கப்பூர் போன்ற ஊரில் ஒருவருடைய ஒரு மணி நேர உழைப்புக்கும் கடை வாடகைக்கும் ஆகும் செலவு அதிகம். பல தொலைபேசிகள் பசையால் இறுக ஒட்டப்பட்டிருப்பதால் அவற்றைத் திறப்பதற்கே தனிக் கருவிகள் தேவைப்படுகின்றன. எனவே, பழுது பார்க்கும் கட்டணம் கூடுகிறது.

எனினும், விலைச்சீட்டில் எல்லாச் செலவும் எழுதப்படுவதில்லை. மின்கலங்களில் பயன்படும் கோபால்ட் உலோகத்தில் பாதிக்கும் மேற்பட்டது காங்கோ ஜனநாயகக் குடியரசின் சுரங்கங்களிலிருந்து வருகிறது. அங்குள்ள சில சிறு சுரங்கங்களில், பாதுகாப்புக் கருவிகள் ஏதுமின்றிச் சிறுவர்களும் வேலை செய்வது வெளிச்சத்துக்கு வந்துள்ளது. தொலைபேசியின் உள்ளே சிறு பாகங்களைப் பற்றவைக்க வெள்ளீயம் தேவை. அதில் ஒரு பகுதி நமக்கு அருகிலுள்ள இந்தோனேசியாவின் பங்கா தீவிலிருந்து கிடைக்கிறது. அங்குக் கடலடியைத் தோண்டி வெள்ளீயம் எடுப்பதால் பவளப்பாறைகள் சேற்றில் மூடுகின்றன. மீனவர்களின் பிழைப்பு பாதிக்கப்படுகிறது. தொலைபேசி தன் ஆயுளில் வெளியேற்றக் காரணமாகும் கரியமில வாயுவில் பெரும்பகுதி, நாம் அதைப் பயன்படுத்தும்போது வெளிவருவதில்லை. அதைத் தயாரிக்கும்போதே வெளிவந்துவிடுகிறது. ஆகவே, கையில் உள்ளதை இன்னும் இரண்டு ஆண்டுகள் பயன்படுத்துவது பெரிய சேமிப்பு. அம்மாவின் கணக்கில் விடுபட்டது இந்தச் செலவுதான். அதை வேறு யாரோ வேறெங்கோ கட்டுகிறார்கள்.

"எங்கள் காலத்தில் எதையும் வீணாக்கவில்லை"

தாத்தா கூறியதும் உண்மைதான். வீடு வீடாகச் சென்று பழைய பொருள்களை வாங்கும் 'கரங் குனி' வியாபாரிகளின் ஊதல் ஒலி அடுக்குமாடிகளில் அடிக்கடி கேட்ட காலம் அது. ஆனால், அன்றைய மக்கள் இயல்பிலேயே சிக்கனமானவர்கள் என்றும், இன்றைய இளையர்கள் ஊதாரிகள் என்றும் சொல்லிவிட முடியாது. அன்று வானொலியின் விலை அதிகம். பழுது பார்ப்பதற்கான கூலி குறைவு. திருகாணியைக் கழற்றினால் பெட்டி திறந்துகொள்ளும். சூழ்நிலையே பழுது பார்க்கத் தூண்டியது.

குறைந்த ஆயுளோடு பொருளைத் தயாரிக்கும் வழக்கமும் புதியதன்று. 1924ஆம் ஆண்டில் உலகின் பெரிய மின்விளக்கு நிறுவனங்கள் தங்களுக்குள் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. அதுவரை 1,500 மணி நேரத்திற்கு மேலும் எரியக்கூடிய விளக்குகள் இருந்தன. அந்த நிறுவனங்கள் விளக்கின் ஆயுளை 1,000 மணி நேரமாகக் குறைத்தன. ஆயுள் குறைந்தால் வெளிச்சம் கூடும் என்பது அவை கூறிய காரணம். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால், நீண்ட நேரம் எரியும் விளக்குகளைத் தயாரித்த நிறுவனத்திற்கு அபராதம் விதித்தது ஏன்? விளக்கு விரைவில் அணைந்தால்தான் அடுத்த விளக்கு விற்கும் என்பதே அதன் உட்பொருள்.

தாத்தாவின் இளமைக் காலத்தில் சிங்கப்பூர் ஆறும் தூய்மையாக இருக்கவில்லை. அங்காடிக்கடைகளின் கழிவும் பன்றிப் பண்ணைகளின் கழிவும் அதில் கலந்தன; ஆறு கறுத்து நாறியது. 1977ஆம் ஆண்டில் அன்றைய பிரதமர் லீ குவான் இயூ, பத்தாண்டுகளுக்குள் ஆற்றைத் தூய்மைப்படுத்தவேண்டும் என்று இலக்கு வைத்தார். 1987இல் அது நிறைவேறியது. பண்ணைகள் அகற்றப்பட்டன, தெருவோர அங்காடிக்காரர்கள் குழாய்நீர் வசதியுள்ள நிலையங்களுக்கு மாறினார்கள். 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்ற பழமொழியை அறிந்திருந்த தலைமுறையும் ஆற்றில் அளவின்றிக் கொட்டியிருக்கிறது. நிலைமையை மாற்ற அறிவுரை மட்டும் போதவில்லை.

"அரசாங்கம்தான் சரிசெய்யவேண்டும்"

அப்படியானால் அண்ணன் கூறியதே சரியா? சட்டத்தின் வலிமையை மறுக்க முடியாது. சிங்கப்பூரில் வள நீடித்த நிலைத்தன்மைச் சட்டம் 2019இல் நிறைவேறியது. அதன்படி 2021 ஜூலை முதல், தொலைபேசி, கணினி, குளிர்பதனப் பெட்டி போன்றவற்றைத் தயாரிக்கும் அல்லது இறக்குமதி செய்யும் நிறுவனங்கள், அவை கழிவான பிறகும் பொறுப்பேற்கவேண்டும். பெரிய மின்னியல் கடைகளில் பழைய பொருள்களைப் போடுவதற்குத் தொட்டி வைக்கவேண்டும். 2023 ஜூலை 3 முதல் பெரிய பேரங்காடிகளில் ஒரு பைக்குக் குறைந்தது 5 காசு கட்டணம் வசூலிக்கப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் முதல் புதிய கைத்தொலைபேசிகள் அனைத்திற்கும் ஒரே வகை மின்னேற்றித் துளை கட்டாயமாகியுள்ளது. ஆயிரம் பேர் தனித்தனியாகக் கேட்டாலும் மாறாத வடிவமைப்பு, ஒரு சட்டத்தால் மாறிவிடுகிறது.

ஆனால், சட்டம் பாதிவழிதான் அழைத்துச் செல்லும். ஐந்து காசு பெரிய தொகை அன்று. பணம் கட்டும் இடத்தில் "பை வேண்டுமா?" என்று ஒரு கணம் யோசிக்கவைப்பதே அதன் வேலை. அந்தக் கணத்தில் என்ன பதில் சொல்வது என்பதைச் சட்டம் முடிவு செய்வதில்லை. கடையில் தொட்டி வைக்கச் சட்டம் சொல்லலாம். வீட்டு இழுப்பறையில் கிடக்கும் தொலைபேசியை அது எடுத்துவர முடியாது. சட்டத்திற்காகக் காத்திராமல் தொடங்கிய முயற்சிகளும் உண்டு. 2014இல் சிங்கப்பூரில் 'ரிப்பேர் கோப்பித்தியாம்' தொடங்கப்பட்டது. கெட்டுப்போன மின்விசிறியையோ சோறாக்கும் சட்டியையோ எடுத்துவருபவர்களோடு தொண்டூழியர்கள் அமர்ந்து, அதைத் தாங்களே பழுது பார்க்கக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

மீண்டும் அந்த மேசைக்கு

அன்று இரவு முடிவு எட்டப்படவில்லை. சனிக்கிழமை அம்மாவும் மகளும் கடைக்குச் சென்று விசாரிப்பது என்று தீர்மானமானது. அம்மா ஒரு விதியும் வைத்தார். பழுது பார்க்கும் செலவு புதியதன் விலையில் பாதியைத் தாண்டினால் புதியது. தாண்டாவிட்டால் மின்கலம் மட்டும். கடையில் கேட்ட கட்டணம் கால் பங்குக்கும் குறைவாக இருந்தது. அம்மாவுக்கே வியப்பு. அதுவரை யாரும் விலையைக் கேட்டுப் பார்க்காமலேயே பேசியிருந்தார்கள்.

புதிய மின்கலத்தோடு வீடு திரும்பிய மகள், மின்னியல் கழிவுத் தொட்டியில் போடுவதற்கு வேறு ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள். அண்ணனின் இழுப்பறையில் சிக்கலாகச் சுருண்ட மின்னேற்றிக் கம்பிகளுக்கு அடியில் இரண்டு பழைய தொலைபேசிகள் கிடந்தன.

"இதையும் அரசாங்கம்தான் வந்து எடுக்கவேண்டுமா, அண்ணா?" என்று கேட்டாள்.

அண்ணன் பதில் சொல்லாமல் தலையைச் சொறிந்தான். பிறகு, படங்களையும் தகவல்களையும் அழிப்பதற்காக இரண்டையும் மின்னேற்றினான். ஒன்று அசையவே இல்லை. மற்றொன்றைத் தாத்தா கையில் எடுத்து, பொத்தானை மெதுவாக அழுத்தினார். திரை ஒளிர்ந்தது.

"இது நன்றாகத்தானே இருக்கிறது! இதை ஏன் எறியவேண்டும்?" என்றார் தாத்தா.

அருஞ்சொற்பொருள்

நிரப்பிடம் – கழிவுகளைக் கொட்டி நிரப்பும் இடம்
மறுபயனீடு – பயன்படுத்திய பொருளிலிருந்து மீண்டும் பயன் பெறுதல்
ஊதாரி – வீண் செலவு செய்பவர்
தொண்டூழியர் – ஊதியமின்றிச் சேவை செய்பவர்

சிந்தித்துப் பேசுக

1. நான்கு கருத்துகளில் எது உங்கள் வீட்டில் அதிகமாகக் கேட்கிறது? அதில் உள்ள உண்மை யாது? விடுபட்டது யாது?
2. தாத்தாவின் கருத்தை ஏற்கவும் மறுக்கவும் பனுவலில் காட்டப்படும் சான்றுகளை எழுதுக.
3. பழுது பார்ப்பதா, புதியது வாங்குவதா என்று முடிவு செய்ய அம்மா வைத்த விதி சரியானதா? நீங்களாக இருந்தால் என்ன விதி வைப்பீர்கள்? காரணத்துடன் விளக்குக.
4. அண்ணனின் இழுப்பறையில் இருந்த தொலைபேசிகள் அவன் கூறிய கருத்தைப் பற்றி நமக்கு என்ன உணர்த்துகின்றன?