வழி திறப்பதா, குழாய் வைப்பதா?

கேள்வி: என் தம்பிக்கு யுவைட்டிஸ் என்னும் கண் அழற்சி திரும்பத் திரும்ப வந்து, இப்போது குளுக்கோமாவும் சேர்ந்துவிட்டது. ஒரு டாக்டர் ட்ராபெகுலெக்டமி என்கிறார், இன்னொருவர் குழாய் வைக்கச் சொல்கிறார். எது நல்லது?
- வாசகி, திண்டிவனம்

பதில்: கண்ணுக்குள் தேங்கும் நீரை வடிப்பதுதான் இரண்டின் வேலையும். ட்ராபெகுலெக்டமியில் வெள்ளை விழியில் சிறு வழி திறப்பார்கள். அடிக்கடி அழற்சி வரும் கண்ணில் அது தழும்பேறி அடைத்துக்கொள்ளும். தழும்பைத் தடுக்கும் மைட்டோமைசின் மருந்தைத் தடவினாலும் உத்தரவாதம் இல்லை. என் ஓட்டு குழாய்க்கே.

அதிலும் இரண்டு வகை. அகமது வால்வு உடனே கண் அழுத்தத்தைக் குறைக்கும். ஆனால் பிறகு பலருக்குச் சொட்டு மருந்தும் தொடர வேண்டிவரும். மதுரை ஆரோலேப் தயாரிக்கும் ‘ஆடி’யில் வால்வு கிடையாது. அதில் குழாயோடு இணைந்த தகடு 350 சதுர மி.மீ., அகமதுவில் 184. பெரிய தகடு என்பதால் நாளடைவில் அழுத்தம் நன்றாகக் குறையும். விலையும் குறைவு, நம் ஊர்க்காரர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

சிக்கல் ஒன்று உண்டு. ‘ஆடி’ குழாயைக் கரையும் நூலால் கட்டியிருப்பார்கள். திறக்க 5, 6 வாரமாகும். அதுவரை பழைய சொட்டு மருந்தை டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. அழற்சிக் கண்ணில் நீர் சுரப்பதே குறைவு என்பதால், திறந்ததும் அழுத்தம் மளமளவென்று இறங்கிவிடலாம்.

அவசரமில்லையென்றால், அழற்சி சில மாதம் அடங்கிய பிறகே ஆபரேஷன். அழற்சிக்குப் போடும் ஸ்டீராய்டு சொட்டும் அழுத்தத்தை ஏற்றலாம், அதையும் டாக்டரிடம் கேளுங்கள். விழுப்புரம் முண்டியம்பாக்கமோ, புதுச்சேரியோ, எங்கே ‘ஆடி’ வைத்தாலும், குழாய் திறக்கும் 6-வது வாரத்தில் பரிசோதனைக்குத் தம்பியைக் கட்டாயம் அழைத்துப் போங்கள்.