நெடுந்தீவா, நயினாதீவா?

கேள்வி: நானும் கணவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். கொழும்பை விட்டு ஊர்ப்பக்கம் போய் இருக்க ஆசை. அவருக்கு நெடுந்தீவு, எனக்கு நயினாதீவு. எது நல்லது? அவருக்கு நீரிழிவு உண்டு.
– ஓர் ஆசிரியை, வெள்ளவத்தை

பதில்: அந்தக் கடைசி வரிதான் என்னை யோசிக்க வைத்தது, அம்மா. இரண்டுக்கும் குறிகட்டுவானில்தான் படகு ஏற வேண்டும். நயினாதீவுக்கு 20 நிமிடம் போதும். நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணித்தியாலம், அதுவும் திறந்த கடலில். சோளகக் காற்றுப் பெயர்ந்துவிட்டால் அலை படகுக்குள்ளேயே வந்து விழும். சில நாள் படகே ஓடாது. இரவில் திடீரென்று சீனி இறங்கினால் என்ன செய்வீர்கள்?

உங்கள் கணவரின் ஆசையும் எனக்கு விளங்குகிறது. முருகைக்கல்லைச் சாந்தில்லாமல் அடுக்கிய மதில்கள், வெளியில் மேயும் குதிரைகள், ஒல்லாந்தர் கோட்டை, ஆள் அரவமில்லாத ஒழுங்கைகள். மனசு ஆறுகிற இடம் அது. நயினாதீவு சின்ன ஊர், எல்லாம் நடை தூரம். நாகபூசணி அம்மனுக்கும் நாகவிகாரைக்கும் சனம் வந்துகொண்டே இருப்பதால் படகுக்கும் குறைவில்லை. திருவிழாக் காலத்தில் மட்டும் சந்தடி கூடும்.

நான் நயினாதீவு என்றே சொல்வேன். காணி வாங்க அவசரப்படாதீர்கள். சோளகம் வீசும் ஆனி, ஆடியில் ஒரு வாடகை வீட்டில் இருந்து பாருங்கள். கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள். தீவுப்பகுதியில் உவர் பெரிய தொல்லை. நெடுந்தீவுக்கு அவரை வருசத்தில் இரண்டு தரம் கூட்டிப் போங்கள், கடல் அடங்கிய பங்குனி, சித்திரையில்.