உறங்கி எழுந்த கணினி

நுழையும்முன்

கைப்பேசி பழுதானால் புதியதொன்றை வாங்குவது இக்கால வழக்கம். அறுபது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட கணினியையும் பழுதுநீக்கி இயக்கிப் பார்ப்போர் உலகில் உளர். ஊதியம் கருதாது, ஓய்வு நேரத்தில் அவர்கள் ஆற்றும் பணியை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பொறியின் வரலாறு

இங்கிலாந்தில் பிளெட்ச்லி பார்க் என்னும் இடத்தில் தேசியக் கணினி அருங்காட்சியகம் அமைந்துள்ளது. 2012 ஆம் ஆண்டு நவம்பர் 20 ஆம் நாள், அங்கே ஒரு பழைய கணினி மீண்டும் இயக்கிவைக்கப்பட்டது. அதனை வடிவமைத்தோருள் இருவரும், தொடக்கக் காலத்தில் அதனைப் பயன்படுத்திய ஒருவரும் அந்நிகழ்வைக் காண வந்திருந்தனர்.

அக்கணினியின் பெயர் ஹார்வெல் டெக்கட்ரான். ஹார்வெல் என்னும் ஊரிலிருந்த அணு ஆராய்ச்சி நிலையத்தில் அது 1951 ஆம் ஆண்டு பணியைத் தொடங்கியது. அதன் எடை இரண்டரை டன். அதில் 828 டெக்கட்ரான் குழாய்கள் உள்ளன. வளி நிரப்பிய அக்கண்ணாடிக் குழாய் ஒவ்வொன்றிலும் பத்து நிலைகள் வட்டமாக அமைந்திருக்கும். மின்துடிப்பு ஒன்று வந்தவுடன், செம்மஞ்சள் நிற ஒளிப்புள்ளி அடுத்த நிலைக்கு நகரும். ஒளி நிற்கும் இடத்தைக் கொண்டு 0 முதல் 9 வரையுள்ள இலக்கத்தை அறியலாம். கணினி தன் நினைவில் வைத்திருக்கும் எண்ணைக் கண்ணாலேயே காணலாம் என்பது இதன் தனிச்சிறப்பு.

வேகத்தில் அது மிகவும் பின்தங்கியது. இரண்டு எண்களைப் பெருக்குவதற்கு ஐந்து முதல் பத்து நொடிகள் வரை எடுத்துக்கொண்டது. கைக்கணக்குப் பொறியில் தேர்ந்த ஒருவர் அதனுடன் போட்டியிட்டு, அரைமணி நேரம் ஈடுகொடுத்தார். பின்னர்க் களைத்து விலகினார். கணினியோ நிற்கவில்லை. வாரத்திற்குச் சராசரியாக 80 மணி நேரம் உழைத்த காலமும் அதற்கு உண்டு.

1957 ஆம் ஆண்டில் ஆராய்ச்சி நிலையத்திற்கு அதன் தேவை முடிந்தது. அதனைச் சிறந்த முறையில் பயன்படுத்தக்கூடிய கல்லூரிக்கு வழங்குவதற்காகப் போட்டி ஒன்று நடத்தப்பட்டது. வுல்வர்ஹாம்ப்டன் நகரின் தொழில்நுட்பக் கல்லூரி வென்றது. அங்கே அதற்கு ‘விட்ச்’ என்னும் பெயர் அமைந்தது. ஆங்கிலத்தில் இச்சொல் சூனியக்காரியைக் குறிக்கும். 1973 வரை மாணவர்கள் அதில் கணினிக் கல்வி பயின்றனர். பின்னர்ப் பர்மிங்காம் நகர அருங்காட்சியகத்தில் அது காட்சிப்பொருளாயிற்று. 1997 ஆம் ஆண்டு அவ்வருங்காட்சியகம் மூடப்பட்டபோது, கணினி பிரிக்கப்பட்டுக் கிடங்கில் வைக்கப்பட்டது, மெல்ல மறக்கவும்பட்டது.

கண்டெடுத்த கண்கள்

கிடங்கிலுள்ள பொருள்களைக் காட்டும் ஒளிப்படம் ஒன்றைக் கெவின் மரல் என்பவர் பின்னாளில் கண்டார். அதிலிருந்த பலகை, விட்ச் கணினியின் கட்டுப்பாட்டுப் பலகை என்பதை அவர் அறிந்துகொண்டார். அவரது சிறுவயதில் அக்கணினி பர்மிங்காமில் காட்சிக்கு இருந்தது. பிறருக்குப் பழைய இரும்பாகத் தோன்றியது அவருக்குப் பழகிய முகமாகத் தெரிந்தது. 2009 ஆம் ஆண்டில் கணினி பிளெட்ச்லி பார்க்கிற்கு வந்தது. தன்னார்வலர்கள் மூன்றாண்டுகள் உழைத்து, பார்வையாளர்களின் கண்ணெதிரிலேயே அதனைச் செப்பனிட்டனர்.

எல்லாக் கணினிகளுக்கும் இந்த நற்பேறு வாய்க்கவில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1949 ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய எட்சாக், 1958 ஆம் ஆண்டு நிறுத்தப்பட்டது. அதன் உறுப்புகளுள் பெரும்பாலானவை இன்று இல்லை. பழைய ஒளிப்படங்களைத் துணையாகக் கொண்டு அதன் மறுபடியை உருவாக்கும் பணியே பின்னாளில் மேற்கொள்ளப்பட்டது. மறுபடி எத்துணைச் செம்மையாக இருப்பினும், அன்று உழைத்த பொறி அதுவாகாது.

செப்பனிடும் முறை

பல்லாண்டுகள் முடங்கிக் கிடந்த கருவிக்கு உடனே மின்சாரம் செலுத்துதல் கூடாது. நாட்பட்ட மின்தேக்கிகள் உள்ளே கெட்டிருக்கும். மின்சாரம் பாய்ந்தவுடன் அவை வெடிக்கவும் கூடும். அவற்றோடு நல்ல உறுப்புகளும் கருகும். ஆகவே முதலில் தூசு நீக்கி, மின்சுற்று வரைபடத்தைப் படிப்பர். மின்வழங்கியைத் தனியே கழற்றிச் சோதிப்பர். பின்னர் மின்னழுத்தத்தைச் சிறிது சிறிதாக உயர்த்துவர். மருத்துவர் நாடி பார்ப்பது போல, ஒவ்வோர் அடியிலும் அளந்து பார்த்த பின்னரே அடுத்த அடி வைப்பர்.

இங்கே ஒரு வினா எழுகிறது. பழைய உறுப்புகள் அனைத்தையும் களைந்து புதியவற்றைப் பொருத்தினால் கணினி எளிதில் இயங்கும். ஆனால் அது பழைய கணினியாக இருக்குமா? இயன்றவரை பழைய உறுப்பையே காத்தல் வேண்டும் என்பது செப்பனிடுவோர் கொண்டுள்ள நெறி. மாற்றியே தீரவேண்டுமெனில், எதனை, எப்போது, ஏன் மாற்றினர் என்பதைக் குறிப்பேட்டில் எழுதிவைப்பர். பின்னால் வருவோர்க்கு அக்குறிப்பேடும் கணினியின் ஓர் உறுப்பே ஆகும்.

இல்லங்களில் ஓர் ஆய்வகம்

இப்பொழுதுபோக்கிற்குப் பெரிய அருங்காட்சியகம் தேவையில்லை. 1981 ஆம் ஆண்டு வெளிவந்த ‘பிபிசி மைக்ரோ’ போன்ற சிறு கணினிகளைப் பலர் தம் இல்லங்களிலேயே செப்பனிடுகின்றனர். இக்கணினி இந்தியாவிற்கும் அயலானதன்று. 1984 ஆம் ஆண்டு தொடங்கிய ‘கிளாஸ்’ என்னும் கணினிக் கல்வித் திட்டத்தின்வழி நம் நாட்டுப் பள்ளிகள் பலவற்றிற்கு அது வந்து சேர்ந்தது. அதன் நினைவகம் 32 கிலோபைட்டு மட்டுமே. இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்திற்கே அவ்விடம் போதாது. எனினும், மாணவர் பலர் முதன்முதலாக நிரல் எழுதியது அதில்தான்.

அக்கணினியின் மின்வழங்கியிலுள்ள சிறு மின்தேக்கி ஒன்றின் மேலுறையில் காலப்போக்கில் கீறல் விழும். அதன்வழி ஈரம் உட்புகும். பின்னொருநாள் மின்சாரம் செலுத்தியதும் புகை கிளம்பும். ‘பயனற்றது’ எனக் கணினியைத் தூக்கி எறிபவர் உண்டு. விலை குறைந்த அவ்வோர் உறுப்பை மாற்றி மீண்டும் இயக்குபவரும் உண்டு. இருவரையும் வேறுபடுத்துவது, பழுது எங்கே உள்ளது என்று தேடும் பொறுமையே.

இப்பணியில் இடரும் உண்டு. பழைய படக்குழாய்த் திரைகள், மின்இணைப்பைத் துண்டித்த பின்னரும் உயர்ந்த மின்னழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கும். எனவே கற்றறிந்த பெரியோர் உடனிருக்கும்போதே மாணவர்கள் இத்தகைய கருவிகளைத் திறத்தல் வேண்டும்.

விட்ச் கணினி எழுந்து நின்ற நாளில் அதனினும் வேகமான கைப்பேசிகள் எல்லார் கையிலும் இருந்தன. ஆயினும், ஓர் எண்ணுடன் மற்றோர் எண் கூடுவதை ஒளிப்புள்ளிகள் ஒவ்வொன்றாக நகர்ந்து காட்டியதைப் போல எந்தக் கைப்பேசியும் காட்டியதில்லை. கணினி எவ்வாறு கணக்கிடுகிறது என்று கேட்கும் சிறுவர்க்கு அது கண்முன்னே விடை கூறுகிறது.

சொற்பொருள்

செப்பனிடுதல் – சீர்ப்படுத்துதல்
நற்பேறு – நல்வாய்ப்பு
மறுபடி – ஒன்றைப் போலவே செய்யப்பட்ட மற்றொன்று
நெறி – ஒழுகும் முறை
இடர் – துன்பம், தீங்கு

பயிற்சி

1. பிரித்து எழுதுக: அந்நிகழ்வு, பயனற்றது, கண்ணெதிரில்.
2. டெக்கட்ரான் குழாய் ஓர் இலக்கத்தை எவ்வாறு காட்டுகிறது?
3. நெடுநாள் முடங்கிய கருவிக்கு உடனே மின்சாரம் செலுத்தக் கூடாது. ஏன்?
4. ‘உறுப்புகள் அனைத்தையும் மாற்றிய பின்னும் அது பழைய கணினியே’ – இக்கருத்தை ஏற்கிறாயா? காரணம் தந்து ஒரு பத்தி எழுதுக.
5. செயல்பாடு: பழுதுபார்த்து இன்றும் பயன்படுத்தும் பொருள் ஒன்றைப் பற்றி உன் தாத்தா அல்லது பாட்டியிடம் தமிழில் உரையாடுக. எப்போது வாங்கியது, என்ன பழுது நேர்ந்தது, யார் சரிசெய்தார் என்பவற்றைக் கேட்டுப் பத்து வரிகளில் எழுதுக.