மோட்டார் எரிந்துபோனால்: காயில் கட்டுவதா, புதுசு வாங்குவதா?



பூலாம்பாடி, அரும்பாவூர் பக்கம் சின்ன வெங்காயம் எழுபது நாள் பயிர். நடுவில் போர் மோட்டார் நின்றுவிட்டால் வீட்டில் உடனே எழும் பேச்சு, "குழுவுல கடன் கேளு" என்பதுதான். கடன் நம் பெயரில். தவணையும் நாம்தான் கட்டப்போகிறோம். ஆனால் பழுது பார்ப்பதா, புதிதாக வாங்குவதா என்ற முடிவில் மட்டும் நம்மை யாரும் கேட்பதில்லை. இந்த மாதப் பாடம் அதைப் பற்றியது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம், கடலூர் மீனவக் குடும்பங்களுக்கும் இதே கேள்வி வந்தது. உப்புத் தண்ணீரில் மூழ்கிய படகு இன்ஜினை உடனே நல்ல தண்ணீரில் அலசி, பிரித்துத் துடைத்தால் காப்பாற்றலாம். நாள் கடந்தால் உள்ளே துரு ஏறிவிடும். வெளிக்கூடு நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே என்ன ஆனது என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். நம் மோட்டாருக்கும் இது பொருந்தும்.

1. முதலில் பழுது எங்கே என்று பாருங்கள்

தண்ணீர் வரவில்லை என்றாலே மோட்டார் போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஃபியூஸ், ஸ்டார்ட்டர், கேபிள் ஜாயிண்ட் இவற்றில் ஒன்று போயிருக்கலாம். குழாய் ஓட்டையாக இருக்கலாம். போரில் நீர்மட்டமே இறங்கியிருக்கலாம். மோட்டாரைத் தூக்கும் முன் எலக்ட்ரீஷியனை வைத்து மேலிருந்தே சோதிக்கச் சொல்லுங்கள். மெயினை அணைக்காமல் யாரும் பெட்டியைத் தொடக்கூடாது.

2. காயில் கட்டலாம், எப்போது?

- மோட்டார் அதிகம் பழசாகவில்லை, எரிந்தது முதல் தடவை.
- காயில் மட்டும் எரிந்திருக்கிறது. உள்ளே இருக்கும் இரும்புத் தகடுகள் கருகவில்லை.
- ஷாஃப்ட், புஷ், பம்பின் சக்கரங்கள் தேயவில்லை.

3. புதிது வாங்கலாம், எப்போது?

- ஏற்கெனவே இரண்டு, மூன்று தடவை காயில் கட்டியாகிவிட்டது.
- தகடு கருகியிருக்கிறது. அப்படியென்றால் புதுக் காயிலும் சீக்கிரம் சூடேறும்.
- மணல் அரித்து பம்பும் தேய்ந்துபோயிருக்கிறது.
- நீர்மட்டம் இறங்கி, பழைய மோட்டாரின் சக்தி அந்த ஆழத்துக்குப் போதவில்லை.

4. மாதக் கணக்குப் போடுவோம்

தொகையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். எத்தனை மாதம் ஓடும் என்றும் பார்க்க வேண்டும். ஒரு கணக்குக்கு இப்படி வைத்துக்கொள்வோம் (உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்):

காயில் கட்ட 9,000 ரூபாய், ஏற்றி இறக்கும் கூலி 3,000. ஆக மொத்தம் 12,000.
புது மோட்டார் 28,000, கூலி 3,000. ஆக மொத்தம் 31,000.

புது மோட்டார் 5 வருஷம், அதாவது 60 மாதம் ஓடினால் மாதத்துக்குச் சுமார் 517 ரூபாய். காயில் கட்டிய மோட்டார் ஒரே வருஷத்தில் திரும்பவும் எரிந்தால் மாதத்துக்கு 1,000 ரூபாய். அதுவே 3 வருஷம் ஓடினால் 333 ரூபாய்தான். இந்தக் கணக்குப்படி பழுது பார்த்தது இரண்டு வருஷம் தாண்டினால் லாபம், தாண்டாவிட்டால் நஷ்டம்.

ஏற்றி இறக்கும் கூலி ஒவ்வொரு தடவையும் வரும் என்பதை மறக்காதீர்கள். வட்டியையும் சேருங்கள். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றால் 31,000-க்கு முதல் மாதமே 310 ரூபாய் ஆகிறது. 12,000-க்கு 120 ரூபாய்தான்.

5. பட்டறையிலும் கடையிலும் கேட்க வேண்டியவை

- பிரித்த மோட்டாரை நேரில் போய்ப் பாருங்கள். "தகடு நல்லா இருக்கா, புஷ் தேஞ்சிருக்கா?" என்று கேளுங்கள்.
- செம்புக் கம்பிதானா என்று உறுதி செய்யுங்கள். எரிந்த பழைய செம்புக்கும் விலை உண்டு, கூலியில் கழிக்கச் சொல்லுங்கள்.
- எத்தனை மாதத்துக்குப் பொறுப்பு என்பதை பில்லில் எழுதி வாங்குங்கள்.
- புதிது என்றால் ஐ.எஸ்.ஐ. முத்திரை, நட்சத்திரக் குறி, வாரண்டி அட்டை மூன்றையும் பாருங்கள்.
- பழைய மோட்டாரை மாற்ற சிறு, குறு விவசாயிகளுக்கு வேளாண்மைப் பொறியியல் துறை மானியம் கொடுத்து வந்திருக்கிறது. இந்த வருஷம் உண்டா என்று வாங்கும் முன்பே விசாரியுங்கள்.

6. ஏன் எரிந்தது?

இதைக் கேட்காமல் எதைச் செய்தாலும் பணம் வீண். மூன்று ஃபேஸ் மோட்டாரை கண்டென்சர் போட்டு இரண்டு ஃபேஸில் ஓட்டுவது, குறைந்த மின்னழுத்தத்தில் ஓட்டுவது, தண்ணீர் இல்லாமல் வெறுமனே ஓடவிடுவது, இவைதான் பெரும்பாலும் காரணம். ஃபேஸ் போனாலோ தண்ணீர் வற்றினாலோ தானாக நிறுத்தும் கருவியைச் சேர்த்தே மாட்டிவிடுங்கள். இல்லையென்றால் புது மோட்டாரும் பழைய மோட்டார் போன வழியிலேயே போகும்.

குழுக் கூட்டத்தில் பேச:

1. மோட்டாருக்குக் கடன் கேட்கும் உறுப்பினரிடம் இந்த மாதக் கணக்கைக் கேட்கிறோமா?
2. நம் குழுவில் யார் யார் வீட்டு மோட்டார் எந்த வருஷம் வாங்கியது, எத்தனை தடவை காயில் கட்டியது? ஒரு நோட்டில் எழுதி வைப்போமா?
3. அவசரத்தில் கந்துவட்டிக்குப் போகாமல் இருக்க, வெங்காயப் பட்டத்துக்கு முன் குழு நிதியில் கொஞ்சம் ஒதுக்கி வைக்க முடியுமா?

தவணை கட்டுகிற கைதான் முதலில் கணக்கும் போட வேண்டும், சகோதரிகளே.