முதன்முதலாக முயல் வளர்ப்போருக்கு

பிள்ளைகளின் விருப்பத்துக்காக வீட்டில் ஒரு முயலை வளர்க்கக் கருதுவோர் பலர். அதனை வாங்குதல் எளிது. ஆயின் வாங்கிய முயல் சில கிழமைகளுள் இறந்துபோக, பிள்ளைகள் அழுவதும் பெற்றோர் திகைப்பதும் பல வீடுகளிற் காணப்படுவதே. இத்தகைய இறப்புக்கு வழக்கமான காரணங்கள் வெப்பமும் தகாத உணவுமாம். இவ்விரண்டையும் தடுத்தல் வளர்ப்போரின் கையிலேயே உள்ளது.

வீட்டு முயலின் மூதாதை தென்மேற்கு ஐரோப்பாவில் மண்ணில் வளை தோண்டி வாழ்ந்த பிராணியாகும். எமது பற்றைக் காடுகளில் ஓடித்திரியும் காட்டு முயல் வேறோர் இனம். அது வளை தோண்டுவதில்லை, வீட்டு முயலுடன் கூடி இனம் பெருக்குவதுமில்லை. வயலிற் கண்ட காட்டு முயற்குட்டியைத் தூக்கிவந்து வளர்க்க முற்படல் வேண்டா. தாய் அதனைத் தனியே விட்டுச் சென்று, குறித்த நேரத்திற் பாலூட்ட மீண்டு வருவது அவ்வினத்தின் இயல்பு.

வளையின் குளிர்ச்சிக்குப் பழகிய உடலாதலின் வீட்டு முயல் வெயிலைப் பொறுக்காது. அதற்கு நம்மைப்போல் வியர்ப்பதில்லை. உடற்சூட்டைப் பெரும்பாலும் செவிகளின் வழியாகவே போக்குகின்றது. 15 முதல் 20 பாகை செல்சியஸ் வரையான வெப்பநிலை அதற்கு உகந்தது. 30 பாகைக்கு மேல் துன்புறும். நுவரெலியாவில் வாழ்வோருக்கு இது பெருங் கவலையன்று. யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு முதலிய பகுதிகளில் வாழ்வோரோ முயலை வாங்குமுன்னரே கூட்டுக்குரிய இடத்தைத் தீர்மானித்தல் வேண்டும். வேம்பு அல்லது மாமர நிழல், மேற்கு வெயில் படாத இடம், காற்றோட்டம் ஆகியன அவசியம். கூரைக்குத் தகரம் ஆகாது, கிடுகே சிறந்தது. கூடு நாலடி நீளமும் இரண்டடி அகலமும் இரண்டடி உயரமும் உடையதாய், நிலத்தினின்று மூன்றடி உயர்ந்து நிற்றல் நன்று. இவ்வளவு இடம் உறங்கவே போதும். காலையிலும் மாலையிலும் அடைப்புள்ள முற்றத்திற் சில மணி நேரம் ஓடவிடுக. அடித்தளம் முழுவதும் கம்பிவலையாயின் பாதங்கள் புண்படும். ஆதலால் ஒரு பாதிக்குப் பலகை இடுக. நாயும் கீரியும் மரநாயும் நுழையாதபடி வலை உறுதியாக இருத்தல் வேண்டும்.

கடும் வெயில் நாட்களில் ஒரு போத்தலில் நீர் நிரப்பி உறையவைத்து, துணி சுற்றிக் கூட்டினுள் வைத்தால் முயல் அதன்மீது சாய்ந்து கிடக்கும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், உமிழ்நீர் வடிந்தால், ஆபத்து நெருங்கிவிட்டதென அறிக. உடனே நிழலுக்குக் கொண்டுசென்று செவிகளைச் சாதாரண நீரால் நனைத்து, மிருக வைத்தியரின் உதவியை நாடுக. பனிக்கட்டி நீரில் அமிழ்த்தல் கூடாது.

முயலைத் தெரிவுசெய்யும்போது அழகை மட்டும் நோக்காதீர்கள். எட்டு வாரம் நிறையாத குட்டியை, விலை குறைவாயினும், வாங்கல் வேண்டா. மூக்கு உலர்ந்திருத்தல் வேண்டும். முன்னங்கால்களின் உட்புறத்தையும் பாருங்கள். சளி பிடித்த முயல் மூக்கை அங்கே துடைப்பதால் மயிர் ஒட்டித் திரண்டிருக்கும். செவியினுள் பொருக்கும், வாலடியில் அழுக்கும் இருத்தலாகாது. மேல், கீழ் முன்பற்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என நோக்குக. அப்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்வன. பொருந்தாவிடின் தேயாது நீண்டு உண்ணவொட்டாமற் செய்யும். அங்கோரா போன்ற நீள்மயிர் இனங்கள் வெப்பப் பகுதிக்கு ஏற்றனவல்ல. நியூசிலாந்து வெள்ளை (பெயர் அவ்வாறாயினும் இது அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட இனம்) நான்கு, ஐந்து கிலோகிராம் வரை வளருமாதலின் சிறு பிள்ளைகள் தூக்க இயலாது. சிறிய இனமே அவர்களுக்கு நன்று.

முயல் தனிமையை விரும்பாது. இரண்டு வாங்குவதாயின் ஒரே ஈற்றிற் பிறந்த இரு பெண் குட்டிகளை வாங்குக. குட்டிகளின் பால் வேறுபாட்டை அறிதல் கடினம்; விற்பவர் கூற்றை மட்டும் நம்பாது, மூன்றாம் மாதத்தில் மீண்டும் சோதிப்பித்தல் நன்று. ஆணும் பெண்ணும் சேர்ந்திருப்பின், சினைக்காலம் ஏறக்குறைய 31 நாளே. ஈன்ற அன்றே தாய் மீண்டும் சினைப்படவுங் கூடும்.

உணவிற் பெரும்பகுதி புல்லும் உலர்புல்லுமே. கினிப்புல், அறுகு முதலியவற்றை எந்நேரமும் கிடைக்குமாறு வைக்கவேண்டும். பூச்சிமருந்து தெளித்த வரம்புகளிற் புல் அறுக்காதீர்கள். வற்றாளை இலை, வல்லாரை, கங்குன் ஆகியவற்றை நாள்தோறும் ஒரு பிடி கொடுக்கலாம். கரட் முயலின் முக்கிய உணவென்று படங்களைப் பார்த்துப் பலர் எண்ணுகின்றனர். அதிற் சீனித்தன்மை மிகுதியாதலால் ஒரு சிறு துண்டே போதும். பாண், சோறு, பிஸ்கற் ஆகியன வேண்டா. மரவள்ளி இலையும் வெண்ணெய்ப்பழ இலையும் நஞ்சு. இபில் இபில் இலையை மிகுதியாக உண்டால் மயிர் உதிரும். கோழித்தீனும் கூடாது, கோழிகளுக்கென அதிற் சேர்க்கப்படும் மருந்துகளுட் சில முயலைக் கொல்லும். தூய நீர் எப்போதும் இருத்தல் வேண்டும். விடியற்காலையில் முயல் மென்மையான ஒருவகைப் பிழுக்கையைத் தானே உண்ணக் கண்டு அருவருத்துத் தடுக்காதீர்கள். ஒரு முறை செரித்ததிலுள்ள சத்தை அது அவ்வாறு மீளப் பெறுகின்றது.

செவிகளைப் பிடித்துத் தூக்குதல் கொடுமையானது. ஒரு கையை மார்பின் கீழும் மறு கையைப் பின்புறத்தின் கீழும் கொடுத்து, உடலோடு அணைத்துத் தூக்குக. பின்புறம் தாங்கப்படாத முயல் காலை உதைத்துத் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளும். சிறு பிள்ளைகள் நிலத்தில் அமர்ந்தே அதனைத் தடவட்டும்.

முயல் தன் நோயை மறைக்கும். ஆகையால் காலையும் மாலையும் தீனையும் பிழுக்கையையும் கவனியுங்கள். அரை நாள் உண்ணாமலும் பிழுக்கையிடாமலும் இருப்பின் மறுநாள்வரை காத்திராது மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்க. வீட்டிலுள்ள அமொக்சிசிலின் போன்ற மருந்தை வாயிற் புகட்டினால் குடலிலுள்ள நன்மை தரும் கிருமிகள் அழிந்து முயல் இறக்கும். நாய்க்கு இடும் பிப்ரொனில் என்னும் உண்ணி மருந்தையும் பூசலாகாது. செவிச் சொறிக்குத் தகுந்த மருந்தும் அளவும் வைத்தியர் சொல்வார். கொண்டுசெல்லும்போது காற்றுத் துளையுள்ள பெட்டியிற் சிறிது புல்லிட்டு, வெயில் ஏறுமுன் புறப்படுக.